400 கிலோமீற்றர் தார், 11 கிலோமீற்றர் மணல்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டேன். அம்மா இறங்கவில்லை. "என்னம்மா?" என்று கேட்டேன். "வண்டி நிண்டிட்டுதோ? காதுக்குள்ள இன்னும் இரையுதடா" என்றார். வெள்ளவத்தையிலிருந்து அதிகாலை நாலரைக்கு வெளிக்கிட்டு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவந்திருந்தோம். அவ்வளவு தூரமும் வண்டிக்கு அடியில் யாரோ அரிசி ஆலை ஓட்டியது போல ஒரே ஊளை. நான் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட எம்.டி. டயர், அதாவது மட் டெரெய்ன், சேற்றுக்கென்று செய்தது. பார்க்க நல்ல கம்பீரம். எங்கள் ஒழுங்கையில் நின்றால் பள்ளிக்கூடப் பொடியன்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கம்பீரத்துக்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 2004ஆம் ஆண்டு மொன்டெரோ, 3.2 டீசல். கொம்பனி கொடுத்த டயர் அளவு 265/70ஆர்16. அம்மாவின் ஊர் வடமராட்சி கிழக்கில், கட்டைக்காட்டுப் பக்கம். பெரியமாமாவுக்குச் சுண்டிக்குளம் கரையில் ஒரு மீன்வாடி இருக்கிறது. புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று போய், பளைப் பக்கத்தில் ஏ9 பெருவீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, மருதங்கேணி வழியாகக் கரைக்கு வருவோம். கொழும்பிலிருந்து அதுவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தார் வீதி. அதற்கப்பால் வாடிக்கு 11 கிலோமீற்றர். பாதி கிரவல், மீதி சர்க்கரை போன்ற மணல்.

2018 ஓகஸ்டில் அந்த மணலில் வண்டி தாண்டுபோனது. அப்போது போட்டிருந்தது தேய்ந்த ரோட்டு டயர். நாலு சில்லும் அச்சுவரை புதைய, மீனவர் ஒருவர் படகு இழுக்கும் ட்ரக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார். கயிற்றைக் கழற்றும்போது டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "தம்பி, இவ்வளவு காத்தோட மணலுக்க வந்தா வேற என்ன நடக்கும்?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் கேட்கவில்லை. கொழும்புக்கு வந்த அடுத்த கிழமையே நாலு எம்.டி. டயர் வாங்கினேன். அதுவும் ஒரு அளவு பெரிதாக, 265/75ஆர்16.

அவர் சொன்னதுதான் முழு விடயமும் என்று விளங்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

எம்.டி. டயரின் வேலை சேற்றைக் கிண்டி, கிண்டிய சேற்றை இடைவெளிகளால் உதறிவிட்டு, அடியில் இருக்கும் கெட்டி நிலத்தைப் பிடிப்பது. சுண்டிக்குளத்து மணலில் அடியில் கெட்டி நிலம் எங்கே இருக்கிறது? கிண்டினால் கிண்டிக்கொண்டே போகவேண்டியதுதான். அடுத்த தடவை போனபோது, 35 பி.எஸ்.ஐ. காற்றோடு, அந்தக் கம்பீரமான டயர் பழைய டயரைவிட வேகமாகக் குழி தோண்டியது. அதே ட்ரக்டர்தான் வந்தது. இந்த முறை அவர் ஒன்றும் சொல்லாமல் வால்வு மூடியைக் கழற்றி, ஒரு குச்சியால் அமத்திக் காற்றை இறக்கினார். டயரின் வயிறு பிதுங்கியது. கயிறே தேவைப்படாமல் வண்டி மெல்ல ஏறி வெளியே வந்தது.

தாரில் அந்த டயர் செய்த கூத்து வேறு. சத்தம் முதல் 5,000 கிலோமீற்றருக்குப் பொறுக்கக்கூடியதாக இருந்தது. பிறகு டயரின் ரப்பர்க் கட்டைகள் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் தேயத் தொடங்கின. உள்ளங்கையை ட்ரெட்டில், அதாவது வீதியைத் தொடும் முகத்தில் வைத்து முன்னுக்குத் தடவினால் வழுவழுப்பு, பின்னுக்குத் தடவினால் அரம் மாதிரி. பெரிய கட்டை உள்ள டயர்கள் நேரத்துக்கு நேரம் இடம் மாற்றாவிட்டால் இப்படித்தான் தேயும். தேயத் தேய இரைச்சலும் கூடும். நான் மாற்றவில்லை. பெரிய ஆளாச்சே.

மழைதான் பயமுறுத்தியது. நொச்சியாகமைக்கு இந்தப் பக்கம், காய்ந்த வீதியில் முதல் மழை விழுந்து பத்து நிமிடம் இருக்கும். மாடு ஒன்று குறுக்கே வந்தது. நான் 60இல்தான் போனேன். பிரேக் பிடித்தவுடன் ஏ.பி.எஸ். கடகடவென்று அதிர, வண்டி போய்க்கொண்டே இருந்தது. மாடு தப்பியது மாட்டின் சாமர்த்தியம். எம்.டி. டயரில் இடைவெளி பெரிது, தண்ணீர் வழிய நிறைய இடம் இருக்கிறது, ஆகவே மழைக்கு நல்லது என்று நான் நினைத்திருந்தேன். தேங்கிய தண்ணீரைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஈரத் தாரில் வண்டியை நிறுத்துவது, தாரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பரும், அந்த ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியது போல இருக்கும் மெல்லிய வெட்டுகளும்தான். அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் வீதியில் படிந்த நீர்ப்படலத்தைக் கிழித்துப் பிடிக்கின்றன. என் டயரில் ரப்பர் தொடும் பரப்பும் குறைவு, அந்த வெட்டுகளும் பேருக்கு ஒன்றிரண்டு.

டீசல் கணக்கு ஒரு வேடிக்கை. முன்பு லீற்றருக்கு 9.6 கிலோமீற்றர் கிடைத்தது, இதில் 8.4. இதைச் சொல்லிப் பலரிடம் புலம்பியிருக்கிறேன். பிறகுதான் கணக்குப் பார்த்தேன். 265/70ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 777 மில்லிமீற்றர், 265/75ஆர்16 ஏறத்தாழ 804. நூற்றுக்கு 3.4 பெரிது. அதாவது வண்டியின் மீற்றர் 100 கிலோமீற்றர் என்று காட்டினால் வண்டி உண்மையில் 103.4 ஓடியிருக்கிறது. ஆகவே 8.4 என்பது உண்மையில் 8.7. பெரிய டயர் போட்டவர்கள் சொல்லும் டீசல் கதையில் ஒரு பங்கு இந்த மீற்றர்ப் பிழை. மிச்சம் உண்மையான நட்டம்தான். டயரின் பாரமும் உருளும்போது அது காட்டும் எதிர்ப்பும் சும்மா விடாது. வேகமானியும் அதே அளவால் குறைத்துக் காட்டும் என்பதை 100 எல்லையுள்ள ஹைவேயில் போகும்போது ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

இன்னொரு முட்டாள்தனம், ஐந்தாவது டயர். காசை மிச்சம் பிடிக்க நாலுதான் வாங்கினேன். பின்கதவில் தொங்கியது பழைய 70. மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு டயரில் ஆணி ஏறியபோது அதைத்தான் மாட்டவேண்டி வந்தது. ஒரு சில்லு மட்டும் 27 மில்லிமீற்றர் சிறிது. அப்படியே நாலு சில்லு இழுவையில் போட்டு ஓடினால் கியர்பெட்டிப் பக்கம் எதையாவது தின்றுவிடும் என்ற பயத்தில் இரண்டு சில்லு இழுவையிலேயே ஊர்ந்து போனேன். வாடிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. மணலுக்கென்று டயர் வாங்கியவன் மணலுக்குப் போகாமல் கட்டைக்காட்டோடு திரும்பினேன்.

2023இல் டயர் முடியும் தறுவாய்க்கு வந்தது. முந்தின வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதில் டயர் விலையும் எங்கேயோ போயிருந்தது. இனிப் பிழைவிட முடியாது. பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு நானா பல வருடமாக டயர் விற்கிறார். எம்.டி.யிலேயே சிறிய அளவு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை.

"தம்பி எங்க ஓடுறீங்க?"

"ஊருக்கு, நானா. மணல்."

"அது வருசத்துக்கு எத்தன நாள்? மத்த நாள் எங்க ஓடுறீங்கண்டு கேக்குறன்."

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. எரிபொருளுக்குக் கியூ.ஆர். கோட்டா வந்த பிறகு எவ்வளவு டீசல் அடித்தேன், எங்கே ஓடினேன் என்று எழுதி வைக்கும் பழக்கம். அன்றிரவு கூட்டிப் பார்த்தேன். ஒன்பது மாதத்தில் மொத்தம் 4,310 கிலோமீற்றர். அதில் கொழும்பும் சுற்றுப்புறமும் 2,450, தூரப் பயணத் தார் 1,750, மணலும் கிரவலும் சேர்த்து 110. நூற்றுக்கு 3ஐக்கூட எட்டவில்லை. அந்த 3க்காக மிச்சம் 97ஐயும் இரைச்சலிலும் வழுக்கலிலும் ஓட்டியிருக்கிறேன். காலி வீதி மழையில் பஸ்ஸுக்குப் பின்னால் பிரேக் பிடித்ததெல்லாம் அந்த 97க்குள்தான் வருகிறது. உங்களுக்கும் சொல்கிறேன்: கடைக்குப் போகமுன் இந்த ஒரு கணக்கைப் போடுங்கள். மனதில் இருக்கும் கணக்கை நம்பாதீர்கள். என் மனதில் மணல் நூற்றுக்கு இருபதேனும் இருந்தது.

அப்புறம் நானா டயரின் பக்கச் சுவரைப் படிக்கச் சொல்லித் தந்தார். அதை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் கடைகளில் இதை ஒருவரும் சொல்வதில்லை.

ஒரே 265/70ஆர்16 அளவில் ஏ.டி. டயர், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவாகச் செய்த ஒல் டெரெய்ன், இரண்டு சாதியாக வரும். எண்ணுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது லொறி வகை. கூடிய பாரத்துக்கும் கல்லுக்கும் செய்தது, பக்கச் சுவர் தடிப்பு, டயரும் பாரம். எல்.டி. இல்லாவிட்டால் கார், ஜீப் வகை. முன்பக்கத்து எழுத்துகளும் கட்டைகளும் ஒன்று போலவே இருக்கும்; சுவரைத் தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம். எல்.டி. "ஸ்ட்ரோங்" என்று எல்லோரும் அதற்கே ஓடுகிறார்கள். மீமுரே போன்ற கூர்க்கல் பாதையில் அடிக்கடி போகிறவர், பின்னால் சாமான் ஏற்றுகிறவர் என்றால் சரி, அதையே வாங்குங்கள். எனக்கு வேண்டியது மணலில் வயிறு பிதுங்கும் டயர். தடித்த சுவர் லேசில் பிதுங்காது. அதைவிட முக்கியம், கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் 29 பி.எஸ்.ஐ. எல்.டி. டயருக்குப் பொருந்தாது. அதே பாரத்தைத் தாங்க அதற்குக் குறைந்தது 6, 7 பி.எஸ்.ஐ. கூட வேண்டும். இது தெரியாமல் எல்.டி. போட்டுப் பழைய 29இலேயே ஏ9 ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். டயர் சூடேறிச் சாகும்.

அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். நான் எடுத்ததில் 112. அது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்பதன் குறி. முழுக் குடும்பமும் ஒரு மாதத்து மாசிக் கருவாடும் ஏறினாலும் 3 தொன்னை எட்டாத வண்டிக்கு நாலு சில்லில் இது தாராளம். எழுத்து வேகத்துக்கு: கியூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190, எச் 210. எங்கள் நாட்டில் ஹைவேயிலேயே 100தான், இது எதற்கு என்று நானும் கேட்டேன். "அது வேகத்துக்கு மட்டுமில்ல தம்பி, சூட்டுக்கும்" என்றார். வவுனியா வெயிலில் மூன்று மணித்தியாலம் ஓடும் டயர் சூட்டைத் தாங்கவேண்டும். எம்.டி. பெரும்பாலும் கியூவில் நிற்கும்.

கடைசியாகத் திகதி. நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். வேறொரு கடையில் "புத்தம் புதுசு" என்று தந்ததில் 1719 என்று இருந்தது. 2019இன் பதினேழாவது கிழமை. நாலு வருடத்துக்கு மேல் களஞ்சியத்தில் கிடந்திருக்கிறது. ரப்பர் கிடக்கக் கிடக்க இறுகும், ஈரத்தில் பிடி குறையும். நான் காட்டியபோது கடைக்காரர் முகம் சுழித்து, இதெல்லாம் பார்க்கிறவர்களுக்கு விற்க முடியாது என்றார். நல்லது, விற்கவேண்டாம். நானாவிடம் எடுத்தது 2623.

கட்டைகளின் வடிவத்தில் நான் பார்த்தது இவ்வளவுதான். நடுவில் கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, கிட்டத்தட்டத் தொடர் வரியாக ஓடவேண்டும். தாரில் நேராகப் போவதும் சத்தம் குறைவதும் அதனால். மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கவேண்டும், அதோடு அவை ஆழமாகவும் போகவேண்டும். சில டயர்களில் அவை மேலோடு நிற்கும். அரைவாசி தேய்ந்ததும் வெட்டே இராது, மழைப் பிடியும் போய்விடும். நகத்தால் விரித்து, டோர்ச் அடித்துப் பார்த்தேன். கட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இல்லாமல் கொஞ்சம் பெரிது சிறிதாகக் கலந்திருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடாது. மலை வடிவத்துக்குள் பனிப்பூப் போட்ட அடையாளத்துக்கென்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்கவேண்டாம். அது பனிநாட்டுச் சோதனை. நுவரெலியாவிலும் நமக்குப் பனி பெய்யாது.

அப்படி ஐந்து டயர், பழையபடி 70 அளவில், எல்.டி. இல்லாத ஏ.டி. வாங்கினேன். ஐந்தாவதைக் கதவில் தொங்கவிட்டு மறக்காமல், 8,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஐந்தையும் சுற்றி மாற்றுகிறேன். எல்லாம் ஒன்றாகத் தேயும்.

இனி காற்று. மணலில் செய்யும் வேலையை டயரின் பெயரைவிடக் காற்றுத்தான் செய்கிறது. காற்றை இறக்கினால் டயர் அகலுவது கொஞ்சம். நீளவாக்கில்தான் கூடப் படியும், ட்ரக்டர் செயின் மாதிரி. அந்தப் படிவில்தான் வண்டி மணலில் மிதக்கிறது. கட்டைக்காட்டுக் கடைசித் தாரில் நிறுத்தி நாலையும் 18க்கு இறக்குகிறேன். கிரவல் மட்டும் என்றால் 25 போதும். 15க்குக் கீழே போகமாட்டேன். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 18இல் 30க்கு மேல் ஓடக்கூடாது, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பக்கூடாது, மணலில் நிறுத்தவேண்டுமென்றால் பிரேக் பிடிக்காமல் தானாக நிற்க விடவேண்டும். பிரேக் பிடித்தால் சில்லுக்கு முன்னால் மணல் குவிந்து, அதுவே அணையாகிவிடும்.

இறக்குவது சுகம், திருப்பி ஏற்றுவதுதான் பாடு. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் கொம்ப்ரசர் இரண்டாவது டயரிலேயே புகைந்து செத்தது. இப்போது வைத்திருப்பது பற்றரியில் நேரடியாகக் கவ்வும் வகை. டயருக்கு ஐந்து நிமிடம், நாலுக்கும் ஒரு தேத்தண்ணி நேரம். அதைச் செய்யாமல் 18உடன் ஏ9இல் ஏறினால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து வெந்துபோகும். மருமகன் ஒருமுறை "மருதங்கேணியில அடிப்பம் மாமா" என்றான். விடவில்லை.

தூரப் பயணத்துக்குக் கொழும்பில் விடியப்புறம், வண்டி அசையமுன், 32 வைக்கிறேன். முறிகண்டியில் கச்சான் வாங்கும் நேரம் அளந்தால் 36, 37 காட்டும். முதல்முறை பதறிப்போய் இறக்கிவிட்டேன். பிழை. சூட்டில் காற்று விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏறத்தாழ ஐந்தரைப் பாகை சூடேறினால் 1 பி.எஸ்.ஐ. கூடும். அந்த 37ஐ 32 ஆக்கினால் அடுத்த நாள் காலையில் 27, 28தான் நிற்கும்.

ஏ.டி.யிலும் குறை இல்லாமல் இல்லை. கிரவலில் கல்லைக் கவ்விக்கொண்டு வந்து காலி வீதிவரை டக் டக் என்று அடிக்கும், ஸ்க்ரூ ட்ரைவரால் கிண்டி எடுக்கவேண்டும். நல்ல ரோட்டு டயரோடு ஒப்பிட்டால் ஈரத்தில் இதுவும் ஒரு படி கீழேதான். வெறும் தாரிலேயே ஓடும் ஒருவர் என்னிடம் கேட்டால் ஏ.டி.யே வேண்டாம் என்பேன். நடுவில் சில்லுகளை நேராக்கும் ஒரு எலைன்மென்ட் கடை முன்சில்லு இரண்டையும் கோணலாக விட்டுவிட்டது, 3,000 கிலோமீற்றரில் உள்விளிம்பு ஒரு மில்லிமீற்றர் போய்விட்டது. அதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் வேலைக்கு முந்திய, பிந்திய அளவுத் தாளைக் கையில் வாங்காமல் காசு கொடுப்பதில்லை. டீசல் லீற்றருக்கு 9.3. சேற்றில் இது எம்.டி.க்குக் கிட்டவும் வராது. பழைய நாலையும் வாங்கிப்போன தெனியாயத் தேயிலைத் தோட்டக்காரர் இன்னும் புகழ்கிறார், அவருடைய பாதைக்கு அதுதான் டயர்.

இதுவரை 24,000 கிலோமீற்றர். மணலில் ட்ரக்டரைக் கூப்பிடவில்லை. ட்ரெட் ஆழம் இப்போது 7 மில்லிமீற்றர் சொச்சம். பள்ளத்துக்குள் தெரியும் தேய்மான மேடு 1.6இல் இருக்கிறது, ஆனால் அதுவரை காத்திருக்க மாட்டேன். மழைக்கு 4க்கு வந்ததும் மாற்றிவிடுவேன். நானாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: அதே அளவு, ஐந்து டயர்; ஆறு மாதத்துக்கு முந்திய திகதி என்றால் எனக்குப் போன் எடுக்கவேண்டாம். "நீங்க படிச்சது கூடிப்போச்சு தம்பி" என்று சிரித்தார்.